விமானத்தில் பிள்ளைக்குத் தூக்க மருந்து: கொடுக்கலாமா, கூடாதா?

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



செயலாளர் போனில், "உன் துறையிலேயே ஏதாவது பேசேன்" என்றார். என் துறை குளிர்சாதனமும் காற்றோட்டமும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், மின்விசிறி இவ்வளவு மெதுவாகச் சுற்றும் இந்த ஹாலில் அதைப் பற்றிப் பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் நம் வீடுகளில் நிஜமாகவே சண்டை நடக்கும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். நீண்ட விமானப் பயணத்தில் சின்னக் குழந்தைகளுக்குத் தூக்க மருந்து கொடுக்கலாமா?

சிரிக்காதீங்க. நம் செட்டில் பாதிப் பேர் கடல் தாண்டி இருக்கிறோம். சென்னையிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, நாலு மணி நேரத்தில் துபாயிலோ தோஹாவிலோ இறங்கி, அங்கே மூணு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த விமானத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்குச் சுமார் 16 மணி நேரம். வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு ஒரு முழு நாள் தாண்டிவிடும். அந்த வழியில் ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் இங்கே எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் பாதி ஹால் கை தூக்கும். அந்தக் கைகளில் எத்தனை கை பெட்டி கட்டும்போது ஒரு சிரப் பாட்டிலையும் உள்ளே வைத்தது என்று கேட்டால் பல கைகள் இறங்கிவிடும். அதனால் அந்தக் கேள்வியைக் கேட்கப் போவதில்லை.

என் வீட்டில் பாட்டிலை வைக்கச் சொன்னது என் மாமியார். "மாப்பிள்ளை, மெடிக்கல் ஷாப்புல கேட்டாலே குடுப்பாங்க. அரை ஸ்பூன் ஊத்தினா பிள்ளை பாட்டுக்குத் தூங்கும், நீங்களும் தூங்கலாம்" என்றார். பேரப்பிள்ளை மேல் அவருக்கு இருக்கும் பாசத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. "ஏங்க, வேண்டாம்னு நீங்களே அம்மாகிட்ட சொல்லுங்க" என்று என் மனைவி என்னிடம் தள்ளிவிட்டாள். மாமியாரிடம் வேண்டாம் என்று சொல்ல வெறும் பயம் போதாது, காரணம் வேண்டும். அதைத் தேடப் போய்த்தான் இவ்வளவையும் படித்தேன். நான் டாக்டர் இல்லை. இந்த ஹாலில் டாக்டர்களைக் கல்யாணம் செய்துகொண்ட நண்பர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள், தப்பாகச் சொன்னால் சாப்பாட்டுப் பந்தியில் பிடித்துக்கொள்வார்கள்.

அழுகிற பிள்ளையை மருந்தால் அடக்குவது புதுப் பழக்கம் ஒன்றும் இல்லை. நம் பாட்டிமார்கள் உரைகல்லில் வசம்பும் ஜாதிக்காயும் இழைத்து நாக்கில் தடவினார்கள். மேல்நாட்டுக்காரன் நம்மையும் தாண்டிவிட்டான். 1849-லிருந்து அமெரிக்காவில் விற்ற 'மிஸஸ் வின்ஸ்லோ' சிரப்பில் இருந்த சரக்கு மார்ஃபின். பல் முளைக்கும் குழந்தைக்கு அமைதி தரும் என்று சொல்லி விற்றார்கள். குழந்தை அமைதியாகத்தான் ஆனது, சில குழந்தைகள் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

இன்றைக்கு நாம் பெட்டியில் வைப்பது மார்ஃபின் இல்லை, அலர்ஜி மருந்து. டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தஸின், குளோர்பெனிரமின் என்று மூன்று பெயர்கள் அடிக்கடி வரும். மூக்கு ஒழுகலுக்கும் அரிப்புக்கும் வாந்திக்கும் கொடுப்பவை. தூக்கம் அவற்றின் பக்கவிளைவு. பக்கவிளைவையே பயனாக எடுத்துக்கொள்கிறோம் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தூக்கமாவது நிச்சயமா என்றால், அதுவும் இல்லை. ராத்திரியில் எழுந்து எழுந்து அழும் 6 முதல் 15 மாதக் குழந்தைகள் 44 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள், 2006-ல் வெளியானது. பாதிப் பேருக்கு டைஃபென்ஹைட்ரமின், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் சிரப். மருந்து குடித்த 22 பேரில் ஒரே ஒரு குழந்தைக்குத் தூக்கம் மேம்பட்டது. வெறும் சிரப் குடித்த 22 பேரில் மூன்று குழந்தைகளுக்கு! இதற்கு மேல் நடத்திப் பயனில்லை என்று சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். வீட்டுத் தொட்டிலிலேயே வேலை செய்யாத மருந்து 36,000 அடியில், சத்தத்தில், அந்நிய முகங்களுக்கு நடுவில் வேலை செய்யும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

அதோடு, சில பிள்ளைகளுக்கு இந்த மருந்து நேர் எதிராக வேலை செய்யும். தூக்கம் வருவதற்குப் பதில் வெறி பிடித்த மாதிரி ஆட்டம், அழுகை, கத்தல். டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் எந்தப் பிள்ளைக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நம் ஹாஸ்டல் நண்பர் ஒருவருக்கு நடந்தது. (பெயர் சொல்ல மாட்டேன், மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார்.) மூன்று வயது மகனுக்கு மருந்து கொடுத்து, நிம்மதியாகச் சாய்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டார். விமானம் ஏறி ஒரு மணி நேரத்தில் பையன் சீட் மேல் நின்றான். அடுத்த ஆறு மணி நேரம் அவன் உட்காரவே இல்லை. கண்கள் சொக்கியிருக்கின்றன, கால்கள் ஓடுகின்றன. தூக்கினால் கடிக்கிறான். "சும்மா விட்டிருந்தாலே தூங்கியிருப்பான்டா" என்று நண்பர் இன்றைக்கும் சொல்கிறார். கொடுத்த மருந்தைத் திரும்ப எடுக்க வழி இல்லை, அது தானாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அரசாங்கங்கள் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரோமெத்தஸினை 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது என்று 2004-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. மூச்சு மந்தமாகிக் குழந்தைகள் இறந்ததுதான் காரணம். 2008-ல் அங்கே கடைகளில் விற்கும் சளி, இருமல் மருந்துகளின் அட்டையில் 4 வயதுக்குக் கீழே வேண்டாம் என்று கம்பெனிகளே போட்டார்கள். குழந்தையைத் தூங்க வைப்பதற்காகக் கொடுக்காதீர்கள் என்ற வரியும் அப்போது சேர்ந்தது. நீண்ட விமானப் பயணத்துக்குப் புரோமெத்தஸின் சிரப் எடுத்துப் போவது ஆஸ்திரேலியாவில் பல குடும்பங்களின் பழைய வழக்கம். அங்கேயே 2024-ல், 6 வயதுக்குக் கீழே வேண்டாம் என்று எச்சரிக்கை வந்துவிட்டது. நம் நாட்டில் 2023 டிசம்பரில், குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்து 4 வயதுக்குக் கீழே கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவு போட்டார். அந்த உத்தரவு மூலைக் கடை மெடிக்கல் ஷாப் வரை எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை நீங்களே போய்க் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்ல வேண்டும். பல நாடுகளில் சிதறி வாழும் நமக்கு இது மிக ஆபத்தானது. அமெரிக்காவில் 'பெனட்ரில்' என்றால் டைஃபென்ஹைட்ரமின், அலர்ஜிக்கு. நம் ஊரில் அதே பெயரில் விற்பது இருமல் சிரப், அதில் வேறு உப்புகளும் கலந்திருக்கும். இங்கிலாந்தில் அதே பெயரில் வருவது செட்டிரிசின் அல்லது அக்ரிவாஸ்டின், அதாவது மருந்தே வேறு. அண்ணி லண்டனிலிருந்து போனில் சொன்ன அளவை அம்மா சென்னை பாட்டிலில் அளந்து ஊற்றுகிறார். பார்ட் நம்பர் ஒன்று, உள்ளே இருக்கும் பார்ட் மூன்று விதம் என்றால் நம்மில் எவனாவது அதை மெஷினில் மாட்டுவோமா? போதாக்குறைக்கு, பிள்ளைக்குச் சளி என்று ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கும் சிரப்பிலும் இதே வகை அலர்ஜி மருந்து இருக்கும். தெரியாமலே டோஸ் இரட்டிப்பாகிவிடும். அளப்பதோ சமையலறை ஸ்பூனில். ஒரு வீட்டு ஸ்பூனும் இன்னொரு வீட்டு ஸ்பூனும் ஒரே அளவு கிடையாது.

இப்போது என் துறைக்கு வருகிறேன். பயப்படாதீங்க, ஐந்தே நிமிடம்.

விமானம் பறக்கும் உயரத்தில் வெளியே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால் பங்குகூட இல்லை. அதனால் உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். ஆனால் தரையில் இருக்கும் அளவுக்கு நிரப்புவதில்லை. அவ்வளவு அழுத்த வித்தியாசத்தைத் தாங்க விமானத்தின் உடல் இன்னும் தடிமனாக, கனமாக இருக்க வேண்டும். ஒரு சமரசமாக, கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாக இருந்தால் போதும் என்பது விதி. ஊட்டி சுமார் 7,350 அடி, தொட்டபெட்டா சிகரம் சுமார் 8,650 அடி. ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் 16 மணி நேரம் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 787, ஏ350 போன்ற புது விமானங்களில் உடல் கார்பன் நார்க் கலவை என்பதால் 6,000 அடிக்குச் சமமாக வைக்க முடிகிறது, அது கொஞ்சம் தேவலை.

8,000 அடியில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்கு. மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே முக்கால் பங்கு. நலமாக இருக்கும் குழந்தைக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் சில புள்ளிகள் இறங்கும், உடம்பு சமாளித்துக்கொள்ளும். எப்படிச் சமாளிக்கிறது? மூச்சைக் கொஞ்சம் ஆழமாக இழுக்கும், தலை தொங்கி மூச்சுக்குழாய் மடங்கினால் சிணுங்கித் தலையைத் திருப்பும், போதவில்லை என்றால் விழித்துக்கொண்டு அழும். தூக்க மருந்து மழுங்கடிப்பது இந்தத் தற்காப்பைத்தான். ஆக்சிஜன் குறைகிற இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்து, குறைகிறது என்று கத்தும் அலாரத்தின் ஒயரை நாமே கழற்றுகிறோம். கைக்குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம், கழுத்தில் பலம் இல்லை. மடியில் உட்கார்ந்தபடி மயங்கினால் தாடை நெஞ்சில் முட்டும். இருட்டில், போர்வைக்குள், பக்கத்தில் அம்மாவும் அசதியில் தூங்கும்போது யார் பார்ப்பது?

கேபின் காற்று வறண்டும் இருக்கும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே. இந்த மருந்துகளும் வாயை உலர்த்தும். மயங்கிக் கிடக்கும் பிள்ளை தண்ணீர் கேட்காது.

"வீட்டிலேயே ஒரு நாள் கொடுத்துப் பார்த்துவிட்டால் போச்சு" என்று சிலர் சொல்வார்கள். எதிர் விளைவு உண்டா என்று தெரிந்துகொள்ள அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் நம் லேபில் டெஸ்ட் என்றால் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? வேலை செய்யப்போகும் நிலைமையில் சோதிக்க வேண்டும் என்றுதானே? மயிலாப்பூரில் கடல் மட்டத்தில், படுக்கையில் மல்லாக்கப் படுத்திருக்கும் பிள்ளையிடம் செய்த சோதனை, 8,000 அடிக்குச் சமமான கேபினில், சீட்டில் சாய்ந்து கிடக்கும் பிள்ளைக்குப் பொருந்தும் என்று எந்த எஞ்சினியராவது கையெழுத்துப் போடுவாரா? ஏதாவது ஆகிவிட்டால் ஆம்புலன்ஸ் கூப்பிட அங்கே தெரு இல்லை. கடலுக்கு நடுவில் என்றால், திருப்பிவிட்டாலும் தரை தொட மணிக்கணக்கில் ஆகலாம்.

அடுத்தது காது. குழந்தைகள் விமானத்தில் அதிகம் அலறுவது எப்போது? இறங்கும்போது. ஏறும்போது காதின் உள்ளே இருக்கும் காற்று விரிந்து தானாக வெளியே வந்துவிடும். இறங்கும்போது காற்று உள்ளே போக வேண்டும், அதற்குக் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறக்க வேண்டும். விழுங்கினால் திறக்கும், கொட்டாவி விட்டால் திறக்கும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குறுகல், படுத்தவாக்கில் இருக்கும். ஆகவே இறங்கும் நேரத்தில் குழந்தை விழித்து, பாலோ தண்ணீரோ விழுங்கிக்கொண்டிருப்பதுதான் வேண்டியது. மருந்தில் கிடக்கும் பிள்ளை விழுங்குவது குறைவு. வலி ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் என்ன ஏது என்று புரியாமல் துள்ளி எழும்.

இன்னொன்றை ஹால் அமைதியாக இருப்பதால் சொல்கிறேன். 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350, ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. அந்தச் சின்ன விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினார்கள், அதில் 2 வயதுக்குக் கீழே எட்டுக் குழந்தைகள். புகை, இருட்டு, சறுக்குப் பாதை. 44 சீட்டுக்கு மேல் உள்ள எந்த விமானமும், பாதி வழிகளை மட்டும் வைத்து 90 விநாடியில் காலியாக முடியும் என்று நிரூபித்துக் காட்ட வேண்டும். கைக்குழந்தையை எப்படியும் தூக்கித்தான் போக வேண்டும். நாலு வயதுப் பிள்ளையோ, விழித்திருந்தால் "அப்பா கையைப் பிடி" என்றால் பிடிக்கும், நடக்கும், சறுக்கும். மருந்தில் இருந்தால் 16 கிலோ மூட்டை. இரண்டு பிள்ளைகளோடு தனியாக வரும் அம்மாவால் இரண்டு மூட்டைகளைத் தூக்க முடியுமா?

"அதெல்லாம் வேண்டாம், மெலடோனின் இயற்கையானதுதானே, கொடுக்கலாமே?" என்று அமெரிக்க நண்பர்கள் கேட்பார்கள். மருந்தாக இல்லாமல் சத்து மாத்திரை கணக்கில் அங்கே விற்கிறது. மிட்டாய் மாதிரி வரும் மெலடோனின் கம்மி 25 வகைகளை வாங்கிச் சோதித்த முடிவு 2023-ல் வந்தது. 22 வகைகளில் அட்டையில் போட்ட அளவு ஒன்று, உள்ளே இருந்தது ஒன்று. ஒன்றில் மெலடோனினே இல்லை. மற்றவற்றில் போட்ட அளவில் 74 சதவீதத்திலிருந்து 347 சதவீதம் வரை. இவ்வளவு டாலரன்ஸ் கொடுத்தால் நம் ஒர்க்ஷாப் மாஸ்டர் நம்மை வெளியே நிறுத்தியிருப்பார்.

ஒரு பக்கமாகவே பேசக் கூடாது. ஒரு தடவை சரியான அளவில் கொடுத்த பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது நிஜம். கொடுத்தவர்கள் கெட்ட பெற்றோர் இல்லை. பயணத்தில் வாந்தி எடுத்து எடுத்துச் சோர்ந்துபோகும் பெரிய பிள்ளைகள் இருக்கிறார்கள். சத்தத்தையும் கூட்டத்தையும் தாங்கவே முடியாத ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையைத் தெரிந்த டாக்டர், எடை பார்த்து, மூச்சு பார்த்து, இந்த மருந்து இந்த அளவு என்று எழுதிக் கொடுத்தால், அது வைத்தியம். அதைப் பற்றி நான் பேசவில்லை. உடம்புக்கு ஒன்றுமே இல்லாத குழந்தைக்கு, அது குழந்தையாக இருப்பதற்காகக் கொடுக்கும் மருந்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அந்த மருந்து யாருக்காக? யோசித்துப் பார்த்தால் பாதி பக்கத்து சீட்டுக்காரருக்காக. குழந்தை அழுதால் முன் சீட்டிலிருந்து ஒரு தலை திரும்பும், உச் கொட்டும் சத்தம் கேட்கும். அந்த ஒரு 'உச்'சில் அம்மாவின் முகம் சுருங்கிவிடும். 2019-ல் சியோலிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன விமானத்தில் ஓர் அம்மா, நாலு மாதக் குழந்தை அழப்போகிறதே என்று 200-க்கும் மேற்பட்ட பயணிகளுக்கு மிட்டாயும் காதடைப்பானும் போட்ட பை கொடுத்தார் என்று செய்தி வந்தது. எல்லோரும் ஆஹா ஓஹோ என்று பாராட்டினார்கள். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. டிக்கெட் வாங்கி வந்த குழந்தை நடக்காத குற்றத்துக்கு முன்கூட்டியே அபராதம் கட்டியிருக்கிறது. மலேசியா ஏர்லைன்ஸ் 2011-ல் சில விமானங்களின் முதல் வகுப்பில் கைக்குழந்தைகளுக்கு இடமில்லை என்றது. 2016-ல் நம் இண்டிகோவும் 12 வயதுக்குக் கீழே அனுமதி இல்லாத அமைதி வரிசைகளை அறிவித்தது. நம் ஊர் பஸ்ஸில் குழந்தை அழுதால் பின் சீட்டுப் பாட்டி கையை நீட்டி, "இங்க குடும்மா, நான் வச்சுக்கறேன்" என்று வாங்கிக்கொள்வார். அதே நாம்தான் விமானம் ஏறியதும் உச் கொட்டுகிறோம்.

மீதிப் பாதியை இங்கே சொல்லாவிட்டால் நான் வந்தது வீண். மருந்து கேட்கும் அம்மாக்கள் பெரும்பாலும் தனியாக வரும் அம்மாக்கள். கணவருக்கு லீவு இல்லை, அவர் 15 நாள் கழித்து வருவார். டிக்கெட் போட்டது அவர். எப்படிப் போட்டார்? இருப்பதிலேயே மலிவான டிக்கெட், நடுராத்திரி 3 மணிக்குப் புறப்பாடு, நடுவில் ஒன்றரை மணி நேரத்தில் டெர்மினல் மாற வேண்டும், கையில் ஒன்று இடுப்பில் ஒன்று, கூடவே அவருக்கு வேண்டிய ஊறுகாய், பருப்புப் பொடி எல்லாம் வேறு. இந்தத் திட்டத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, பிள்ளை எப்படியாவது தூங்கிவிட்டால் நல்லது என்கிறோம். தூங்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட திட்டம் அது. நண்பர்களே, கோளாறு பிள்ளையிடம் இல்லை, டிக்கெட்டில் இருக்கிறது. கட்டடம் கட்டும்போது காற்றோட்டம் வைக்க மறந்துவிட்டுப் பிறகு என்னிடம் வந்து "பெரிய ஏ.சி. போட்டுத் தாங்க" என்று கேட்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

நூறு டாலரோ இருநூறு டாலரோ கூடக் கொடுத்து நேரம் பார்த்து எடுங்கள். நடுவில் நாலைந்து மணி நேரம் இருக்கட்டும், பிள்ளை விமான நிலையத்தில் ஓடிக் களைக்கட்டும். முடிந்தால் பாட்டியோ தாத்தாவோ அந்தத் தேதியில் கூட வரும்படி பாருங்கள், அவர்கள் விசாவை முன்னாலேயே போட்டு வையுங்கள். கைக்குழந்தைக்குத் தொட்டில் மாட்டும் முன்வரிசை சீட்டை டிக்கெட் எடுத்த அன்றே போன் செய்து கேளுங்கள். அந்தத் தொட்டில்கள் ஒரு விமானத்தில் சிலதான் இருக்கும், எடை வரம்பும் உண்டு. சளி, காது வலி இருந்தால் கிளம்புமுன் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். பெட்டிக்குள் புதிதாக நாலு சின்ன விளையாட்டுச் சாமான், ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி. பொட்டலத்தைப் பிரிப்பதிலேயே கால் மணி நேரம் போய்விடும், உள்ளே இருப்பது இரண்டாம்பட்சம். பழகிய தலையணை உறை, பழகிய போர்வை, அம்மா புடவையில் ஒரு துண்டு இருந்தாலும் நல்லது. பைலட் இறங்கப் போகிறோம் என்று அறிவித்ததும் பிள்ளையை எழுப்பிப் பால் கொடுக்க ஆரம்பியுங்கள். கேபின் அழுத்தம் மாறும் வேலை அப்போதே தொடங்கிவிடும், சக்கரம் தரை தொடும்வரை காத்திருக்கக் கூடாது.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விமானத்தில் நான் பார்க்கும் காட்சி இதுதான். அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கழிவறைப் பக்கம் நின்று ஆட்டிக்கொண்டிருப்பார். அப்பா ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரண்டாவது படம் பார்த்துக்கொண்டிருப்பார். படத்தில் சண்டைக் காட்சி வேறு. நாமெல்லாம் ஷிப்ட் போட்டுத் தொழிற்சாலை நடத்துகிறவர்கள்தானே? 16 மணி நேரத்தை நாலு நாலு மணியாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவருடைய ஷிப்டில் மற்றவர் தூங்க வேண்டும், பிள்ளை அழுதாலும் எழக் கூடாது, பசி தவிர. நானும் என் மனைவியும் இப்படித்தான் செய்கிறோம். முதல் ஷிப்ட் என்னுடையது, ஏனென்றால் ஏறிய புதிதில்தான் அழுகை அதிகம். பிள்ளை தூங்குகிறதோ இல்லையோ, நாலு மணி நேரம் தூங்கி எழுந்தவருக்கு அழுகை அவ்வளவு பெரிதாகக் கேட்பதில்லை.

மாமியாரிடம் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். ஊட்டிக் கணக்கைத்தான் சொன்னேன். "அத்தை, பிள்ளையை ஊட்டி மலை மேல கொண்டுபோய், மயக்க மருந்து குடுத்து, ராத்திரி பூரா உட்கார வச்சே தூங்க வைப்பீங்களா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எனக்கும் ஒரு டிக்கெட் போடுங்க, நான் வச்சுக்கறேன்" என்றார். போட்டோம். அந்தப் பயணத்தில் மூன்று ஷிப்ட்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டதாகச் செயலாளர் கையைக் காட்டுகிறார். கேள்வி இருந்தால் பந்தியில் கேளுங்கள், மருந்துக் கேள்விகளை மட்டும் டாக்டர் சகோதரிகளிடம் கேளுங்கள்.